நைட்மேர் பேல் ரன்களில் தினமும் சேர்கிறேன், லெவல் மட்டும் ஏறவில்லை

நீலத்தீ:

வணக்கம். டயாப்லோ 2 ரிசரக்டெட் விளையாட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு சோர்சரஸ் (மந்திரக்காரி) கேரக்டர் வைத்திருக்கிறேன், இப்போது லெவல் 22. தெரிந்த நண்பர் ஒருவர் நார்மல் என்ற முதல் கடினநிலையை முழுவதும் கூடவே வந்து முடித்துக் கொடுத்தார், பிறகு அடுத்த நிலையான நைட்மேரிலும் கடைசிக் கட்டமான ஐந்தாம் ஆக்ட் வரை கொண்டுபோய் விட்டார். "இனி பேல் ரன்களில் சேர்ந்துகொள், தானாக ஏறிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் (கடைசிப் பெரிய அரக்கன் பேலைக் கூட்டாகத் திரும்பத் திரும்பக் கொல்லும் கேம்கள்). அவருக்கு வேலை அதிகம், மறுபடி கேட்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நேற்று மட்டும் 11 நைட்மேர் பேல் ரன்களில் சேர்ந்தேன். எல்லாமே 8 பேர் நிறைந்த கேம். மற்றவர்கள் லெவல் 70, 80 இருப்பார்கள். எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கோடு ஏறக்குறைய வைத்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டு தடவை போர்ட்டலில் (இடம் மாறும் மாயக் கதவு) நுழைந்த உடனேயே செத்தேன், என்ன அடித்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை செத்த உடலை எடுக்கப் போய் மறுபடி செத்தேன், அதற்குள் ரன்னே முடிந்துவிட்டது. இன்னொரு கேமில் திடீரென்று ஒருவர் என் மேல் ஹாஸ்டைல் (தாக்கப்போவதாகப் பகை அறிவிப்பு) போட்டார், ஏன் என்று தெரியவில்லை, நான் யாருக்கும் எதுவும் செய்யவில்லை.

இதைவிட மனதில் உறுத்துவது வேறு ஒன்று. ஏழு பேர் உயிரைக் கொடுத்து அடிக்கும்போது நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் திட்டவில்லை, ஆனால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த லெவலில் நான் அங்கே போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கூர்முனை:

லெவல் 25 ஆகும்வரை அந்த ரன்களில் நிற்பதில் பயனே இல்லை. உங்கள் நண்பர் நல்லது செய்யத்தான் நினைத்திருக்கிறார், ஆனால் மூன்று லெவல் முன்னாடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

காரணம் இதுதான். இந்த விளையாட்டில் 25-க்குக் கீழே இருக்கும் கேரக்டருக்கு ஒரு தனிக் கழிவு உண்டு. செத்த அரக்கன் உங்களைவிட 10 லெவலோ அதற்கு மேலோ பெரியவன் என்றால், உங்கள் பங்குக்கு வர வேண்டிய எக்ஸ்பியில் 2 சதவீதம்தான் கைக்கு வரும். நைட்மேரில் பேல் உட்கார்ந்திருக்கும் த்ரோன் அறையில் இருப்பவை எல்லாம் லெவல் 66-ஐ ஒட்டியவை. நீங்கள் 22. ஆகவே 2 சதவீதம்.

25-ஐத் தொட்டதும் இந்தக் கழிவு போய்விடும். அதற்குப் பிறகு உங்கள் லெவலை அரக்கனின் லெவலால் வகுத்தால் என்ன வருகிறதோ அந்த விகிதத்தில் கிடைக்கும். 25-ஐ 66-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38 சதவீதம். 24-இல் இருக்கும்போது 2, 25 ஆனதும் 38. ஒரே லெவலில் இவ்வளவு பெரிய தாவல் இந்த விளையாட்டில் வேறு எங்கும் கிடையாது.

பார்ட்டிப் பங்கும் (கூட்டாக ஆடுபவர்களுக்குப் பிரியும் எக்ஸ்பி) லெவலைப் பொறுத்துத்தான் பிரிகிறது. எல்லோருடைய லெவலையும் கூட்டி, அதில் உங்கள் லெவல் எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்கு. ஏழு பேர் லெவல் 80 என்று வைத்துக்கொள்வோம், அவர்கள் 560, நீங்கள் 22, மொத்தம் 582. பார்ட்டி போனஸைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 10,000 எக்ஸ்பி விழுந்தால் உங்கள் பங்கு 378. அதில் 2 சதவீதம் என்றால் ஏழோ எட்டோ. இதே இடத்தில் 25 லெவலோடு நின்றிருந்தால் 162 வந்திருக்கும். 11 ரன் ஓடியும் கோடு நகராததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அதனால் இன்றைக்கு நார்மலுக்குத் திரும்பிப் போய் மாட்டு லெவலில் (மாட்டு அரக்கர்கள் நிறைந்த ரகசிய இடம்) சேருங்கள். நார்மல் மாடுகள் லெவல் 28. 22-க்குச் சிறு கழிவுதான், 23 ஆகிவிட்டால் முழுதாகவே கிடைக்கும். எட்டுப் பேர் கேம் என்றால் இரண்டு மூன்று சுற்றில் 25-ஐத் தொட்டுவிடலாம். யாரும் திறக்கவில்லை என்றால் நீங்களே திறக்கலாம், நார்மல் பேலைக் கொன்றவர் என்பதால் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. டிரிஸ்ட்ராமில் கிடக்கும் விர்ட்டின் கால் என்ற பொருளையும் ஒரு டவுன் போர்ட்டல் புத்தகத்தையும் கியூபில் (பொருள்களைச் சேர்த்து மாற்றும் பெட்டி) போட்டு முதல் ஆக்ட் முகாமில் மாற்றினால் சிவப்புக் கதவு திறக்கும். புத்தகம்தான் வேண்டும், தனிச் சுருளை வைத்தால் வேலை செய்யாது, இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

வெண்கலக்கேடயம்:

மேலே சொன்ன கணக்கு சரி. 25 ஆகித் திரும்பி வந்ததும் எங்கே நிற்க வேண்டும், எப்போது உள்ளே போக வேண்டும் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நீலத்தீ செத்த விதத்தைப் பார்த்தால் அவசரம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

கேமில் நுழைந்ததும் முதலில் பார்ட்டித் திரையைத் திறந்து அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டு முதல் இரண்டு வேவ் (அலையாக வரும் அரக்கர் கூட்டம்) முழுவதும் எக்ஸ்பி இல்லாமல் நிற்கிறார்கள். டெலிபோர்ட் (நொடியில் தாவிச் செல்லும் மந்திரம்) வைத்திருக்கும் ஒருவர் வேர்ல்ட்ஸ்டோன் கீப் இரண்டாம் தளத்தின் வேபாயின்ட்டிலிருந்து (பயண வாசல்) கிளம்பி, மூன்றாம் தளத்தைத் தாண்டி, த்ரோன் அறைக்குப் போய் போர்ட்டல் திறப்பார். ஊரில் நீலக் கதவு தெரிந்த உடனே ஓடிப்போய் நுழையக்கூடாது. அவர் போர்ட்டல் திறக்கும் அந்த நொடியில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். அவர் ரெசிஸ்டும் (நெருப்பு, மின்னல் போன்றவற்றைத் தாங்கும் சக்தி) கவசமும் ஏற்றி வைத்திருப்பவர், தாங்குவார். நீங்கள் தாங்க மாட்டீர்கள். "சேஃப்" என்று எழுதுவார், அதுவரை ஊரில் நின்று பெல்ட்டை மருந்துப் புட்டிகளால் நிரப்பிக்கொள்ளுங்கள். அவர் எழுதவில்லை என்றால் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

உள்ளே போன பிறகு, ரொம்ப தூரம் தள்ளி நிற்காதீர்கள். கொல்லப்படும் இடத்திலிருந்து சுமார் இரண்டு திரை தூரத்துக்குள் உயிரோடு இருந்தால்தான் பங்கு வரும். செத்துக் கிடந்தால் வராது. பேல் உட்கார்ந்திருக்கும் பெரிய அறைக்கு வெளியே, நடைபாதையில் தள்ளி நிற்பவர்களுக்கு வேவ் ஒன்றுக்கும் பங்கு கிடைக்காமல் போகலாம். அறை வாசலுக்குள் நுழைந்து சுவரை ஒட்டி நில்லுங்கள்.

பேல் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அடுத்த கூட்டம் அவன் முன்னால் வந்து இறங்கும், மொத்தம் ஐந்து. முதலில் கோலென்சோ, குட்டிச் சாத்தான்களோடு வருவான், கூட இருக்கும் மந்திரவாதிகள் செத்தவற்றை எழுப்பிவிடுவார்கள். இரண்டாவது அக்மெல், மம்மிகள், விஷம். மூன்றாவது பார்டக், கவுன்சில் ஆட்கள், ஹைட்ராக்களை நட்டுவிடுவார்கள், ஹைட்ராவின் நெருப்பு நீங்கள் நிற்கும் சுவர்வரை வரும் என்பதால் இதில் மட்டும் கொஞ்சம் பின்வாங்குங்கள். நான்காவது வென்டார், வாயிலிருந்து நெருப்பை ஊதிக்கொண்டே நேராக வருவார்கள். ஐந்தாவது லிஸ்டரும் அவன் கூட்டமும். இவர்கள் வேகமாக ஓடிவந்து கையால் அடிப்பவர்கள். உங்கள் லெவலுக்கு இரண்டே அடி. ஐந்தாவது சிரிப்பு கேட்டதும் உங்கள் சொந்த போர்ட்டலைக் காலடியில் திறந்து அதன் மேலேயே நில்லுங்கள். யாராவது உங்கள் பக்கம் திரும்பினால் ஒரே கிளிக், ஊருக்குப் போய்விடலாம்.

லிஸ்டர் விழுந்ததும் பேல் எழுந்து பின்னால் இருக்கும் கதவு வழியாகப் போய்விடுவான். அங்கே எல்லோரும் போன பிறகு நீங்கள் போங்கள்.

செத்தால் நைட்மேரில் அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியில் 5 சதவீதம் போகும், மூன்றாவது நிலையான ஹெல்லில் 10. உடலை எடுத்தால் போனதில் 75 சதவீதம் திரும்பி வரும். ஆனால் அதற்காக வேவ் நடுவில் வெறும் உடம்போடு ஓடாதீர்கள், நீங்கள் இரண்டாவது முறை செத்தது அப்படித்தான். கூட்டம் அடங்கும்வரை ஊரில் காத்திருங்கள். ரன் முடிந்துவிட்டாலும் பதற வேண்டாம், கேமை விட்டு வெளியேறி அடுத்த கேமில் நுழைந்தால் உங்கள் உடல் ஊரிலேயே பக்கத்தில் கிடக்கும், பொருள் எதுவும் போகாது. எக்ஸ்பியும் கொஞ்சம் தங்கமும் மட்டும்தான் நஷ்டம்.

நீலத்தீ:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, இருவருக்கும் நன்றி. 25-க்கு முன் 2 சதவீதம்தான் என்பதைப் படித்ததும் நேற்றைய மூன்று மணி நேரம் கண் முன்னால் வந்து போனது. இன்று மாலை மாடுகளுக்குப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஹாஸ்டைல் போட்டால் என்ன செய்வது? அப்புறம் பொருள் விழுந்தால் நான் எடுக்கலாமா? நேற்று ஒரு மோதிரத்தை எடுத்தேன், உடனே இருவர் ஏதோ எழுதினார்கள், சரியாகப் புரியவில்லை, பயந்து கேமை விட்டே வெளியேறிவிட்டேன்.

கூர்முனை:

ஹாஸ்டைல் போட்டவரோடு பேச்சு வேண்டாம். திரையில் அந்த அறிவிப்பு வந்த நொடியே ஊருக்குப் போய் கேமை மூடுங்கள், அடுத்த எண்ணுள்ள கேமில் சேருங்கள். நீங்கள் ஏதோ தவறு செய்ததால் போட்டார் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். பலவீனமான கேரக்டரைக் கொன்று வெற்றிச் சின்னமாக அதன் காதை எடுத்துப் போவதற்காகவே கேம் கேமாக நுழைபவர்கள் இருக்கிறார்கள், இருபது வருடமாக இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் இருக்கும்போதுதான் ஹாஸ்டைல் போட முடியும், ஆகவே அறிவிப்பு வந்தபின் அவர் உங்களிடம் வந்து சேர சில நொடிகள் ஆகும். அந்த நேரம் போதும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்ட்டித் திரையில் உங்கள் உடலிலிருந்து பொருளை எடுக்க அனுமதி தரும் பொத்தான் ஒன்று இருக்கிறது. நெருங்கிப் பழகிய ஆளைத் தவிர யாருக்கும் அதை அழுத்தாதீர்கள். "அழுத்தினால்தான் பார்ட்டியில் எக்ஸ்பி வரும்" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பொய். ஹார்ட்கோரில் அதற்குப் பயன் உண்டு, அங்கே சாவு நிரந்தரம் என்பதால் நம்பிக்கையான தோழனுக்கு அனுமதி கொடுத்து வைப்பார்கள். நீங்கள் அதில் இல்லை.

தணல்மழை:

நான் நாலைந்து வருடமாக இந்த ரன்களை நடத்துகிறேன், போர்ட்டல் திறப்பவர்களில் ஒருத்தி. அந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

மூலையில் நிற்பவர்களைப் பார்த்து எனக்கு எந்த எரிச்சலும் வந்ததில்லை. 8 பேர் கேமில் அரக்கர்களின் உயிர் 4.5 மடங்கு ஆகிறது, எக்ஸ்பியும் அதே 4.5 மடங்கு ஆகிறது. பொருள் ஒன்றுமே விழாமல் போகும் வாய்ப்பும் கூட்டம் கூடக் கூடக் குறைகிறது. ஆகவே நீங்கள் கேமில் இருப்பதாலேயே எனக்கும் லாபம் இருக்கிறது. அதற்காகத்தான் நாங்கள் எல்லோரும் சேரும்படி பெயர் வைத்துக் கேம் திறக்கிறோம். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை, நீலத்தீ.

எரிச்சல் வருவது வேறு விஷயங்களுக்கு. வேவ் நடுவில் ஓடிவந்து பொருளை எடுப்பது. உடல் எடுக்க முடியாமல் "யாராவது வாருங்கள்" என்று ஐந்து தடவை எழுதுவது. ஊரில் நின்றுகொண்டு, உள்ளே எக்ஸ்பி வரவில்லை என்று புகார் சொல்வது. அப்புறம் நான் அடுத்த கேம் பெயரை எழுதியிருக்கும்போதே "அடுத்த கேம் எது" என்று கேட்பது. 07 முடிந்தால் 08, அவ்வளவுதான்.

பொருள் விஷயம். இந்த விளையாட்டில் விழுந்தது எல்லோருக்கும் தெரியும், முதலில் கிளிக் செய்தவருக்குச் சொந்தம், வேறு விதி கிடையாது. ஆனாலும் ரன் நடத்துபவர்கள் சிலர் கேம் விவரத்தில் பேல் செத்தால் விழும் பொருள் தங்களுக்கு என்று எழுதிவைப்பார்கள். எழுதியிருந்தால் மதியுங்கள். எழுதவில்லை என்றால் சண்டை முழுவதும் முடிந்த பிறகு மிஞ்சிக் கிடப்பதை எடுக்கலாம், தவறே இல்லை. மருந்துப் புட்டிகளை மட்டும் சண்டையின்போது அடிப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள், எனக்கு அந்த ஊதாப் புட்டி ஒன்று தேவைப்படும் நேரத்தில் மூலையில் நிற்பவர் எடுத்துவிட்டால் அங்கே எல்லோருமே சாக வேண்டியிருக்கும். தங்கத்தை யார் எடுத்தாலும் பார்ட்டிக்குப் பிரிந்துவிடும், அதில் தயக்கம் வேண்டாம்.

நேற்று அந்த மோதிரத்துக்காக இருவர் எழுதியது திட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் "என்ன மோதிரம்" என்று கேட்டிருப்பார்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

கல்விளக்கு:

தணல்மழை சொல்வதை மதிக்கிறேன், ஆனால் மூலையில் நிற்பது போதும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீலத்தீ சோர்சரஸ் வைத்திருக்கிறார். அவரிடம் ஸ்டேடிக் ஃபீல்ட் என்ற மின்னல் மந்திரம் இருக்கிறது, லெவல் 6-இலேயே கிடைப்பது. அது ஒரு தடவை வெடித்தால் சுற்றியிருக்கும் ஒவ்வொரு அரக்கனுக்கும் அப்போதைக்கு இருக்கும் உயிரில் 25 சதவீதம் போகும். உயிரில் சதவீதம் என்பதைக் கவனியுங்கள். 8 பேர் கேமில் உயிர் 4.5 மடங்கு ஏறியிருக்கும்போது மற்ற எல்லோருடைய அடியும் அதற்கேற்ப இளைத்துப் போகிறது, ஸ்டேடிக் மட்டும் இளைப்பதில்லை. லெவல் 26 சோர்சரஸ் போடும் ஸ்டேடிக்கும் லெவல் 90 போடும் ஸ்டேடிக்கும் அந்த 25-இல் ஒன்றுதான், எட்டும் தூரம்தான் வேறு. நைட்மேரில் உயிர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இதனால் போகாது, ஹெல்லில் பாதிக்குக் கீழே போகாது. நார்மலில் அப்படி எல்லை இல்லை. மின்னலுக்கு இம்யூன் ஆனவை (மின்னல் சற்றும் தாக்காதவை) மேல் வேலை செய்யாது.

பேலை எண்ணிப் பாருங்கள். 8 பேர் கேமில் அவன் உயிர் மலைபோல் இருக்கும். முதல் நாலு ஸ்டேடிக்கிலேயே மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடுவான், அவனுக்கு மின்னல் ரெசிஸ்ட் இருப்பதால் இன்னும் சில தடவை கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். ஏழு பேர் ஒரு நிமிடம் அடிக்க வேண்டியதைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாம். இதை ஒட்டுண்ணித்தனம் என்று யார் சொல்வார்கள்?

நெக்ரோமான்சர் கேரக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வார்த்தை. முதல் லெவலிலேயே கிடைக்கும் ஆம்ப்ளிஃபை டேமேஜ் என்ற சாபம் போதும், உடலால் அடிப்பவர்களின் அடி இரண்டு மடங்காகிவிடும். ஏற்கனவே வேறு ஒருவர் சாபம் போட்டுக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு அரக்கன் மேல் ஒரு சாபம்தான் நிற்கும். பார்பேரியன் கேரக்டர் என்றால் லெவல் 24-இல் பேட்டில் ஆர்டர்ஸ் என்ற போர்முழக்கம். த்ரோனுக்குப் போகும் முன் ஊருக்கு வெளியே ஒரு தடவை கத்திக்கொடுத்தால் எல்லோருடைய உயிரும் மனாவும் கூடும், அந்த ஆளுக்காகக் கேமே காத்திருக்கும்.

வெண்கலக்கேடயம்:

ஸ்டேடிக்கின் பயனில் சந்தேகமே இல்லை. எனக்கு ஒரு கவலைதான். திறன் புள்ளி ஒன்று மட்டும் போட்ட ஸ்டேடிக் கை நீட்டும் தூரம்கூட எட்டாது, லிஸ்டர் கூட்டத்துக்குள் போய்த்தான் வெடிக்க வேண்டியிருக்கும். 26 லெவலில் அது தற்கொலை. அதனால் வேவ்களில் வேண்டாம். ஸ்டேடிக்கில் ஐந்தாறு புள்ளி போட்டு எட்டும் தூரத்தைக் கூட்டிக்கொண்டு, கடைசியில் பேல் ஒருவன் மட்டும் நிற்கும்போது, அவன் முகம் வேறு ஆள் பக்கம் இருக்கும்போது பின்னாலிருந்து போடுங்கள். அவன் தரையில் கொடுக்குகளை முளைக்க வைப்பான், அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள்.

கல்விளக்கு:

இதை ஏற்கிறேன். வேவ்களில் விலகியே இருக்கட்டும், பேலில் மட்டும் முயலட்டும்.

நீலத்தீ:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

மாடுகளிடம் போன அன்றே 25 ஆகிவிட்டேன், மூன்று கேம் ஆனது. மூன்றாவது கேமில் ஒருவர் எக்ஸ்பி ஷ்ரைன் (தொட்டால் எக்ஸ்பியைக் கூட்டித் தரும் பீடம்) இருக்கும் இடத்தை எழுதி, வேண்டியவர் தொட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார், நான் தொட்டேன். கிடைத்த மூன்று புள்ளிகளையும் ஸ்டேடிக்கில் போட்டேன்.

நேற்று இரவு நைட்மேர் பேல் ரன். போர்ட்டல் திறந்தது, நுழையவில்லை. பெல்ட்டை நிரப்பிக்கொண்டு நின்றேன். "சேஃப்" வந்தது, போனேன், வாசலுக்குள் இடது சுவர் ஓரம். முதல் சிரிப்பு, கோலென்சோ விழுந்தான், எக்ஸ்பி கோட்டைப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்திருந்தது! இதற்காகத்தானே மூன்று வாரமாக அலைந்தேன் என்று இருந்தது. மூன்றாவது வேவில் ஹைட்ராவின் ஒரு நெருப்பு என் காலுக்குப் பக்கத்தில் விழுந்து பாதி உயிர் போனது, பின்வாங்கிவிட்டேன். ஐந்தாவது சிரிப்புக்குப் போர்ட்டலைத் திறந்து அதன் மேல் நின்றேன், தேவைப்படவில்லை.

உள் அறையில் எல்லோரும் போன பிறகு போனேன். ஒரு பாலடின் வீரர் பேலை முன்னால் பிடித்து வைத்திருந்தார். நான் பின்பக்கம் போய் ஸ்டேடிக் போட்டேன், முதல் தடவை எட்டவில்லை, இரண்டு அடி முன்னால் வைத்து மறுபடி போட்டேன். தலைக்கு மேல் இருந்த சிவப்புக் கோடு சட்டென்று குறைந்தது. ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன், அதற்கு மேல் குறையவில்லை, கல்விளக்கு சொன்ன எல்லை அதுதான் என்று புரிந்து போர்ட்டல் பக்கம் திரும்பிவிட்டேன். அவன் விழுந்ததும் அந்தப் பாலடின் "ஸ்டேடிக் போட்டது யார், நன்றி, 05-க்கும் வாருங்கள்" என்று எழுதினார். 05, 06, 07 என்று 12 வரை போனேன். ஒரு தடவைகூடச் சாகவில்லை. இப்போது லெவல் 34.

40 ஆனதும் ஆன்சியண்ட்ஸ் என்ற மூன்று காவலர்களை வெல்லும் பணியைச் செய்ய வேண்டும், அதற்கு யாராவது கூட வருகிறீர்களா?

தணல்மழை:

நான் வருகிறேன். நாளை இரவு கேம் திறந்து பெயரை இங்கேயே எழுதுகிறேன். நெருப்பு ரெசிஸ்ட்டும் மின்னல் ரெசிஸ்ட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அந்த மூவரை எழுப்பிய பிறகு நடுவில் யாராவது ஊருக்குப் போர்ட்டல் போட்டால் மூவரும் மறுபடி சிலையாகிவிடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மருந்தை முன்னாடியே நிரப்பிக்கொள்ளுங்கள்.